முதல் தட்டு எனக்கு

எங்கள் வீட்டில் விடியக்காலை 3.45 மணிக்கு அடுப்பு பற்ற வைப்பது ஒன்பது வருஷப் பழக்கம். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். அருமனைக்கு மேலே சரிவில் குத்தகைக்கு எடுத்த முந்நூறு மரம். வெயில் ஏறுவதற்கு முன்னால், குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் நாலு மணிக்கெல்லாம் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். அவருக்குப் பால் சேர்க்காத கட்டன் சாயா போடும்போது எனக்கும் ஒரு கிளாஸ், இரண்டு கரண்டி சீனியோடு. அப்புறம் எங்கே படுப்பது? முற்றம் தூத்து, பாத்திரம் கழுவி, புட்டுக்கு மாவு நனைத்து, தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது ஐந்தரை வாக்கில் பசி வரும். சும்மா வயிறு காலியாக இருக்கிற பசி இல்லை, உள்ளே கை விட்டுப் பிசைகிற மாதிரி ஒரு பசி. புட்டுக்குழலில் இருந்து முதல் ஆவி கிளம்பும்போது கண்ணில் தண்ணீரே வந்துவிடும்.

அந்தப் பசியைப் பற்றித்தான் எழுதுகிறேன். எடை குறைக்க நினைக்கிற பல பெண்கள், அதுவும் எங்களைப் போல விடியும் முன்னே எழுகிற வீட்டுப் பெண்கள், இந்த இடத்தில்தான் தோற்றுப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் இரண்டு வருஷம் தோற்றேன்.

எனக்கு வயது 42. உயரம் 156 சென்டிமீட்டர். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, நாள் முழுக்க ஸ்டூலில் இருப்பு. போன வருஷம் எடை பார்த்தபோது 78 கிலோ, இடுப்பு 98 சென்டிமீட்டர். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கில் 32. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே எடை அதிகம், 25-க்கு மேல் உடல்பருமன், பெண்களுக்கு இடுப்பு 80-ஐத் தாண்டக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5 வந்தால் சர்க்கரை நோய். நான் நடுவில் நின்றேன். மாமியாருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அந்த வீட்டில் இருந்துகொண்டு அது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதற்கு முன்னாலேயே இரண்டு வருஷம் எடை குறைக்கப் பார்த்திருந்தேன். முதலில் செய்தது காலைச் சாப்பாட்டை விட்டது. பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்று கடையில் எல்லாப் பிள்ளைகளும் பேசிக்கொண்டிருந்த நேரம். சிலருக்கு அது நன்றாக ஒத்துவருகிறது, என்னோடு வேலை செய்கிற ஒருத்தி ஆறு கிலோ குறைத்தாள். அவளுக்குக் காலையில் பசியே எடுக்காது, ஒன்பது மணிக்கு எழுந்து பத்தரைக்கு வருகிறவள். எனக்கோ ஒரு நாளில் பசி உச்சத்தில் இருக்கிற நேரமே ஐந்தரையில் இருந்து ஏழரை. அந்த நேரத்தில் நான் மூன்று பேருக்குப் புட்டு அவித்து, பயறு தாளித்து, பப்படம் பொரித்து, வெறும் வயிற்றோடு பஸ் ஏறினேன். 10.45-க்கு டீ குடிக்கப் போகும்போது கடைக்காரர் எண்ணெயில் இருந்து பழம்பொரியை எடுத்து வைப்பார். ஒன்றோடு நிற்காது. இரண்டு, சில நாள் மூன்று. அதைத் தின்றுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, என்னிடம் கட்டுப்பாடே இல்லை என்று மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே பில் போடுவேன்.

அப்புறம் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும். தேனும் சீனிதான், கொழுப்பை அது கரைக்காது. அது வயிற்றில் கால் மணி நேரம் நின்றது. அப்புறம் ஓட்ஸ் கஞ்சி, தண்ணீர் மாதிரி. ஒரு மணி நேரம்.

இந்த இரண்டு வருஷத்தில் நான் கணக்கில் எழுதாத ஒன்று உண்டு. புட்டு குழலில் இருந்து தள்ளும்போது உதிர்வது, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த பாதிப் பழம், பப்படத்தின் உடைந்த துண்டு, உப்பு பார்க்க இரண்டு கரண்டி பயறு. நின்றுகொண்டே தின்பது சாப்பாடு என்று தோன்றாது. “நான் காலையில் ஒண்ணும் சாப்பிடலை” என்று எல்லாரிடமும் சொன்னேன், நம்பித்தான் சொன்னேன்.

என் அண்ணன் கல்யாணம் கட்டியது பாறசாலையில். களியக்காவிளை தாண்டி இஞ்சிவிளை செக்போஸ்ட் கடந்தால் கேரளம், அடுத்து பாறசாலை, எங்கள் வீட்டில் இருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். மைனி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் இதையெல்லாம் கொட்டினேன். காலையில் என்ன தின்கிறாய் என்று கேட்பாள் என்று பார்த்தால், “நீ ராத்திரி எத்தன மணிக்குத் திங்கே மக்ளே, எத்தன மணிக்குக் கிடக்கே?” என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. ஆறரைக்குப் பஸ் இறங்கி வந்ததும் சாயாவும் மிக்சரும். ஒன்பதரைக்கு வீட்டுக்காரரும் பிள்ளையும் மாமியாரும் சாப்பிட்டு முடித்து, அதற்குப் பிறகு பத்து மணிக்கு நான், அடுக்களையில், சட்டியில் இருக்கிற மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) சாளை மீன் குழம்பும், மிஞ்சின சோறும், வீணாகப் போய்விடக் கூடாதே என்று கடைசி வரை. பதினொன்றுக்குப் படுக்கை. 3.45-க்கு அலாரம். ஐந்து மணி நேரத் தூக்கம் கூட இல்லை.

அவள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பசியைக் கிளப்புகிற ஹார்மோனுக்குப் பெயர் கிரெலின். 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்துக்கு முன்னால் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். தூக்கம் குறைந்தால் இது கூடுகிறது. சிகாகோவில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள்: கிரெலின் 28 சதவீதம் கூடியது, போதும் என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசி 24 சதவீதம் ஏறியது, அதுவும் இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேல். இரண்டு இரவுக்கே இப்படி. நான் ஒன்பது வருஷமாக ஐந்து மணி நேரம் தூங்குகிறவள். பழம்பொரிக் கடை முன்னால் நின்றபோது என் மேல் நானே போட்ட பழியில் பாதியை அன்றைக்கு இறக்கி வைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனுஷ உடம்பின் உள்கடிகாரப்படி பார்த்தால் காலையில் பசி குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள், இரவு முழுக்க சாப்பிடாமல் கிடந்தும் பலருக்கு எழுந்ததும் சாப்பாடு இறங்காதது அதனால்தான். அப்படி இருக்க எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பிசைகிறது என்றால், தூக்கம் போனது ஒன்று, நாலு மணியில் இருந்து குனிந்து நிமிர்ந்து வேலை செய்வது ஒன்று, பகலெல்லாம் சத்தே இல்லாமல் எண்ணெயும் மாவுமாக ஓட்டுவது ஒன்று. ராத்திரி நிறையத் தின்றால் காலையில் பசிக்காது என்று நான் நினைத்திருந்தேன். என் விஷயத்தில் அது நடக்கவே இல்லை.

சரி, என்ன செய்தேன்?

முதலில் தூக்கம். இதில்தான் நான் ரொம்பத் தயங்கினேன். நான் எழுந்து சாயா போட்டுக் கொடுக்காமல் அவர் எப்படிப் போவார்? கேட்டேன். ராத்திரியே பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் போதும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷம் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது ஏழரைக்கு எல்லாருக்கும் ராத்திரிச் சாப்பாடு, ஒன்பதரைக்கு விளக்கு அணையும், நான் எழுவது ஐந்து மணிக்கு. ஒரு வாரத்திலேயே அந்தப் பிசைகிற பசி வெறும் பசியாக மாறிவிட்டது. இது மிகையில்லை.

அடுத்தது, முதல் தட்டு எனக்கு. ஆறரைக்குப் புட்டு இறங்கினதும் நான் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவர் வெட்டு முடித்து ஏழு மணிக்கு ஏறி வருவார், சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் பால் எடுக்கப் போவார். அவர் வரும்வரை யாரும் சாப்பிடுவதில்லை என்பது இந்த வீட்டு வழக்கம். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. “வெட்டப் போனவன் இன்னும் வரல்லியே” என்று மட்டும் சொன்னார். நான் முதல் வாரம் அடுக்களையில் கதவுக்குப் பின்னால் இருந்து சாப்பிட்டேன், தொண்டையில் இறங்கவில்லை.

அது மாறியதற்குக் காரணம் நான் இல்லை, மாமியாரின் சர்க்கரை. ஒரு நாள் ஆறே கால் மணிக்கு “பசிக்கு, பசிக்கு” என்று வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்க வந்து நின்றார். மெஷினில் பார்த்தால் 62. சீனித்தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்து, 90 வந்த பிறகு சாப்பிட வைத்தேன். சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு வகை, அப்புறம் இன்சுலின், இவை போடுகிறவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப் போனால் சர்க்கரை இப்படிக் கீழே விழும். 70-க்குக் கீழே போனால் ஆபத்து. டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார், மகன் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இதை வாசிக்கிற யாருக்காவது வீட்டில் காலைப் பசி வேர்வையும் நடுக்கமும் படபடப்புமாக வருகிறது என்றால் அதைச் சாதாரணப் பசி என்று நினைக்காமல் உடனே சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எடை குறைக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை அவர்களாகவே நிறுத்தவும் கூடாது. அந்த நாளில் இருந்து ஆறரைக்கு இரண்டு தட்டு விழுகிறது, மாமியாருக்கும் எனக்கும், நடுவறையில்.

என்ன சாப்பிடுகிறேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதே புட்டும் பயறும்தான். முன்பு இரண்டு குழல் புட்டு, அதன் மேல் சீனி, ஒரு பாளையங்கோடன் பழம், பயறு ஓரமாக ஒரு கரண்டி. இப்போது அதைத் திருப்பிப் போட்டேன்: சிறுபயறு ஒரு பெரிய கிண்ணம், புட்டு அரைக் குழல், அவித்த முட்டை ஒன்று. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். காய்ந்த சிறுபயறு 40 கிராம் அவித்தால் அதில் 9 கிராமுக்குக் குறையாது, நாரும் சேர்ந்து வருகிறது. புட்டையும் சேர்த்தால் 18 கிராம் பக்கம் வந்துவிடும். பழைய தட்டில் புரதம் இதைவிடக் குறைவு, ஆனால் புட்டு நாலு மடங்கு, அதன் மேல் சீனி வேறு. பசியை அதிக நேரம் தள்ளிப் போடுவது புரதமும் நாரும் தண்ணீரும். சிட்னியில் 1995-இல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது வயிற்றை நிறைக்கிறது என்று பார்த்தபோது, வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்கு 323, வெண்ணெய் போட்ட குரோசான் என்கிற பண்டம் 47. ஒரே கலோரிதான், ஆனால் வயிற்றுக்கு ஒன்று ஆறு மடங்குக்கு மேல் தெரிகிறது. எண்ணெயும் மாவும் சேர்ந்தது கீழே, தண்ணீரும் கனமும் உள்ளது மேலே. பழம்பொரி எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தேங்காயை மட்டும் குறைத்தேன். நிறுத்தவில்லை, இந்த ஊரில் அது நடக்காது. 100 கிராம் தேங்காயில் 350 கலோரி. புட்டுக்கு, பயறுக்கு, துவரனுக்கு, மீன் குழம்புக்கு என்று ஒரு நாளைக்கு ஒரு முழுத் தேங்காய் போன வீட்டில் இப்போது அரைமுறியில் ஓடுகிறது, பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மரச்சீனியை விடச் சொன்னவர்களும் உண்டு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராஜா அரிசிப் பஞ்சத்துக்கு ஈடாகப் பரப்பிய கிழங்கு அது, எங்கள் பாட்டா காலத்தில் பல வீடுகளில் ஒரு நேரச் சாப்பாடு அதுதான். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டக்காரர்களான நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், நாக்கு சேரவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். 100 கிராம் மரச்சீனியில் 160 கலோரி, புரதம் ஒன்றரை கிராம் கூடத் தேறாது. அதனால்தான் கூடவே மீன் வைத்தார்கள். நான் ராத்திரி பத்து மணியில் இருந்து அதை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினேன், கிழங்கு நாலு துண்டு, சாளை மூன்று. முன்பு கிழங்கு ஒரு சட்டி, மீன் ஒன்று, மீதி மீன் ஆண்களுக்கு.

காலையில் நிறையத் தின்றால்தான் எடை குறையும் என்று நான் சொல்ல வரவில்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வில் 1400 கலோரியில் 700-ஐக் காலையில் சாப்பிட்ட பெண்கள், அதே 700-ஐ ராத்திரி சாப்பிட்டவர்களைவிட 12 வாரத்தில் நல்ல வித்தியாசத்தில் அதிகம் குறைந்தார்கள். ஆனால் 2022-இல் அபெர்தீனில், சாப்பாட்டை எல்லாம் அளந்து அவர்களே கொடுத்துச் செய்த சோதனையில் இரண்டு முறையிலும் எடை ஒரே அளவுதான் குறைந்தது. காலையில் அதிகம் சாப்பிட்ட வாரங்களில் பசி குறைவாக இருந்தது. எனக்கு இரண்டாவதுதான் உண்மையாகப் படுகிறது. என் எடை குறைந்தது கலோரி குறைந்ததால். ஆனால் அந்தக் கலோரியைக் குறைக்க என்னால் முடிந்தது, பத்தே முக்கால் மணிக்கு நான் பசியோடு இல்லாததால். இப்போதும் டீக்கடைக்குப் போகிறேன், சீனி இல்லாத கட்டன் குடிக்கிறேன். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சாயா காப்பி வேண்டாம், இரும்புச் சத்து சேராது என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட கையேட்டில் சொல்கிறது, அதனால் காலைத் தட்டோடு சாயாவை வைத்துக்கொள்வதையும் விட்டேன்.

எட்டு மாதத்தில் 78-இல் இருந்து 70.5. இடுப்பு 90. சர்க்கரைச் சராசரி 5.7. வேகம் குறைவுதான், மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஐந்தாம் மாதம் பசி திரும்பக் கூடியது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். 2011-இல் மெல்போர்னில் எடை குறைத்த 50 பேரை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவர்களுக்குப் பசி ஹார்மோன் பழைய அளவுக்கு இறங்காமல் உயர்ந்தே இருந்தது என்று படித்த பிறகுதான் மனசு அடங்கியது. குறைந்த எடையை உடம்பு திரும்பக் கேட்கிறது, அவ்வளவுதான். நான் சாப்பாட்டை மேலும் குறைக்கவில்லை. இரண்டாவது முட்டையைச் சேர்த்தேன், புட்டை அப்படியே வைத்தேன். மூன்று வாரம் முள் அசையவில்லை, அப்புறம் இறங்கியது.

இந்த ஜூனில் மழை பிடித்தபோது ஒரு சறுக்கல். மரத்தில் பிளாஸ்டிக் கட்டாத வரிசைகளில் வெட்டு நின்றுவிட்டது, அவர் வீட்டில், டிவி பதினொன்று வரை, ராத்திரிச் சாப்பாடு மெல்ல ஒன்பதுக்குப் போனது. பத்தே நாளில் அந்த ஐந்தரை மணிப் பசி அதே பிசைவோடு வந்து நின்றது. இந்தத் தடவை எனக்குப் பயம் வரவில்லை. எங்கே தவறியது என்று தெரிந்தது, ஏழரைக்குச் சட்டியை நடுவறையில் கொண்டு வைத்துவிட்டேன்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஆறேமுக்காலுக்கு டியூஷன், வெறும் வயிற்றோடு ஓடுவாள். “அம்மா, நீயும்தானே சாப்பிட மாட்டே” என்று இரண்டு வருஷம் எனக்குப் பதில் சொன்னவள். இப்போது எங்கள் தட்டுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவது தட்டு வைக்கிறேன். சில நாள் ஷூ போட்டுக்கொண்டே வந்து உட்காருகிறாள். இன்னும் ஒரு முட்டையும் இரண்டு வாய் பயறும்தான் இறங்குகிறது.